கேட்காமல் வரும் வைத்தியம்

உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருக்கிறவரைத் தேடிப் போய் விரலைக் குத்திப் பார்ப்பது சரிதானா என்ற கேள்வி சில காலமாக என்னை விட்டு நகர மறுக்கிறது. நோவு கண்டவர் வைத்தியரிடம் போவார், தன் நோவைச் சொல்வார், வைத்தியர் கேட்பார். பழைய ஒழுங்கு அதுதான். பரிசோதனை முகாமில் நோவும் இல்லை, சொல்ல வந்தவரும் இல்லை. பெண்டாங் வட்டாரத்தில் நாங்கள் கோயில் மண்டபத்தில் முகாம் வைப்பது வெள்ளிக்கிழமையிலோ சனிக்கிழமையிலோதான். மலேசியாவின் கெடா மாநிலத்தில் வார விடுமுறை அந்த இரண்டு நாள்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒன்றும் சாப்பிடாமல் வந்தவர்களை முதலில் உட்கார வைப்போம். ஸ்பிரிட் வாசமும் கற்பூர வாசமும் கலந்து கிடக்கும். கைப்பட்டையைப் பிரிக்கும் கரகர சத்தம், சீனி பார்க்கும் கருவியின் பீப் ஒலி, பின்கட்டில் சாம்பார் தாளிக்கும் ஓசை. அப்படி ஒரு காலையில், சமையலுக்கு வெங்காயம் உரிக்க வந்த என் அத்தையை மற்ற பெண்கள் கையைப் பிடித்து இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மருத்துவ மாணவி ஒருத்தி, பேத்தி வயதுதான் இருக்கும், மெதுவாகச் சொன்னாள்: “பதினொன்னு புள்ளி நாலு ஆன்ட்டி, கிளினிக் போய்க் காட்டிடுங்க.” அத்தை கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார். “காலையில நல்லாத்தானம்மா வந்தேன்,” என்றார். அவர் சொன்னது முழு உண்மை. காலையில் நல்லபடியாகத்தான் வந்தார்.

வீடு திரும்பியவர் வேறு ஆளாக இருந்தார். எந்த மாத்திரையும் இன்னும் உள்ளே போகவில்லை. இரத்தத்தில் நேற்று இருந்த சீனிதான் இன்றும் இருந்தது. ஆனால் அந்த வாரமே பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவில்லை. பின்னேரம் வாசலில் கூடித் தே குடிக்கும் பெண்களோடு உட்காரவில்லை. படியில் ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். இதை அத்தையின் குணம் என்று விட்டுவிட நினைத்தபோதுதான் கனடாவில் ஹாமில்டன் நகரத்து எஃகு ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி 1978இல் வெளியான ஆய்வு நினைவுக்கு வந்தது. ஆலையில் எல்லோருக்கும் இரத்த அழுத்தம் பார்த்தார்கள். உனக்குக் கொதிப்பு இருக்கிறது என்று முதன்முறையாகச் சொல்லப்பட்டவர்கள், சொல்லப்பட்ட பிறகு, முன்பைவிட மிக அதிக நாள்கள் வேலைக்கு மட்டம் போட்டார்கள். மருந்து தொடங்கியவர்கள் மட்டுமல்ல, மருந்தே தொடங்காதவர்களும் அப்படித்தான். உருக்கை வார்க்கிற திடகாத்திரமான ஆண்களையே ஒரு சொல் படுக்கையில் தள்ளியது என்றால், கித்தா மரம் சீவி முழங்கால் தேய்ந்த ஒரு பெண்மணியை அது என்ன செய்யும் என்று நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. முகாம் அறிக்கையில் அன்று எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்குச் சீனி, எத்தனை பேருக்குக் கொதிப்பு என்று கட்டம் கட்டி எழுதினோம். வாசலில் உட்காராமல் போனவர்களுக்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

அந்த எண்ணைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வெறும் வயிற்றில் சீனி 7.8 இருந்தால் நோய் என்று முன்பு வைத்திருந்தார்கள். 1997இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அதை 7.0க்கு இறக்கியது, உலகச் சுகாதார நிறுவனமும் பின்னால் ஏற்றுக்கொண்டது. 7.3 என்ற எண்ணோடு நலமாகத் தூங்கப் போனவர்கள் நோயாளிகளாக எழுந்தார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனைக்கு உலகச் சுகாதார நிறுவனம் 6.5 என்று கோடு போட்டிருக்க, மலேசிய மருத்துவர்களின் வழிகாட்டி 6.3 என்று போட்டிருக்கிறது. 6.4 உள்ளவர் பெண்டாங்கில் நோயாளி, 6.5ஐ எல்லையாகக் கொண்ட ஊருக்குப் போனால் இல்லை. இதைக் கேட்டவுடன் எல்லாம் மனிதர்கள் போட்ட கோடுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் 7.0 சும்மா வந்த எண் அல்ல. கண்ணின் பின்திரையில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் எந்த அளவிலிருந்து கெடத் தொடங்குகின்றன என்று ஆயிரக்கணக்கானவர்களின் கண்ணுக்குள் பார்த்து வைத்த எல்லை அது. கோட்டை எங்கே போடுவது என்பதில் மனிதத் தீர்மானம் இருக்கிறது. கண் கெடுவதில் எந்தத் தீர்மானமும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டியிருப்பதுதான் என் சங்கடம். நம் ஆட்கள் விஷயத்தில் அந்தக் கெடுதல் கற்பனை அல்ல. 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அதில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு, மொத்தத்தில் 8.9 விழுக்காட்டினருக்கு, அது இருப்பதே தெரியாது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களாகிய நாம்தான் எல்லோருக்கும் முன்னால் நிற்கிறோம்.

முகாமுக்கு வராதவர்களை அறியாதவர்கள் என்று சொல்லும் பழக்கம் எங்கள் தொண்டர்களிடம் உண்டு. எனக்கு அது கோபமூட்டுகிறது. நோய் இல்லாத உடம்பை வரிசையில் நிறுத்திப் பார்ப்பது தோட்டத்து மக்களுக்குப் புதிய அனுபவமே அல்ல. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில், மலாயாவுக்குக் கப்பலேறும் முன், வைத்தியர் பார்த்தார். பினாங்கில் இறங்கியவர்களை ஜெரெஜாக் தீவில் இறக்கி, அம்மை குத்தி, சில நாள் அடைத்து வைத்தார்கள்; அதற்கப்புறம்தான் பிறை வழியாகத் தோட்டத்துக்கு. அந்தப் பரிசோதனையில் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்று: இவனால் வேலை செய்ய முடியுமா? 1901இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிள்ளைகளின் இடது விலாவுக்குக் கீழே விரல் வைத்து மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளைகளை மட்டுமல்ல, ஓடி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளையும் பார்த்தார். நூற்றுக்கு எத்தனை வயிறுகளில் வீக்கம் என்று கணக்கிட்டால் அந்தத் தோட்டத்தில் மலேரியா எவ்வளவு கடுமை என்று தெரிந்துவிடும். மலையடிவாரத்தில் காட்டை வெட்டி வெயில் படவிட்ட தெளிந்த ஓடைகளில்தான் கொடிய கொசு பெருகுகிறது என்ற கண்டுபிடிப்புக்கு அந்தக் கணக்கும் துணை நின்றது. அதனால் ஏராளமான உயிர்கள் பிழைத்தன என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் வயிற்றைத் தொட விட்ட பிள்ளைக்கு, உன் வயிற்றில் என்ன பார்த்தேன் என்று யாராவது சொல்லியிருப்பார்களா? அதன் தாய்க்கு? எண் துரையின் மேசைக்குப் போனது; அங்கிருந்து லண்டன் கம்பெனிக்குப் போனது. எண்ணெய் தெளிக்கச் செலவு செய்வதா, செத்தவர்களுக்குப் பதில் புது ஆளை இறக்குவதா என்ற கணக்கில் அதுவும் ஒரு வரி.

கொக்கிப் புழு விஷயத்தில் இன்னொரு திருப்பம் நடந்தது. 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் அறக்கட்டளை அனுப்பிய குழு ஒன்று மலாயாவிலும் ஜாவாவிலும் பிஜியிலும் தொழிலாளர்களின் மலத்தைப் பரிசோதித்தது. குழுவில் இருந்த சாமுவேல் டார்லிங் பிறகு ஒரு முடிவுக்கு வந்தார். ஏறக்குறைய எல்லோருக்கும் புழு இருக்கும் இடத்தில் ஒவ்வொருவராகச் சோதித்துக் கொண்டிருப்பது வீண். ஒட்டுமொத்தமாக எல்லோருக்கும் மருந்து கொடுத்துவிடலாம். கீனோப்போடியம் எண்ணெய் என்ற அந்த மருந்து அளவு தப்பினால் உயிரைக் குடிக்கக்கூடியது. இந்த யோசனையில் ஒரு நேர்மை இருக்கிறது, ஏனென்றால் கண்டுபிடித்து எழுதி வைத்துவிட்டுச் சும்மா போகவில்லை. ஒரு பயங்கரமும் இருக்கிறது, ஏனென்றால் வரிசையில் வாயைத் திறந்து நின்றவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நமக்கு வேண்டியது எழுதி வைத்துவிட்டுச் சும்மா போவதற்கும் கேட்காமலே மருந்து கொடுப்பதற்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்று சொல்வது சுலபம். அந்த இடம் பெண்டாங்கில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னால்தான் கஷ்டம்.

நம்மை நாமே பார்த்துக்கொண்ட ஒரு காலமும் கெடாவில் இருந்தது. 1946, 47இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்து லோரி ஓட்டுநர் ஏ.எம். சாமி கட்டிய தொண்டர் படை கள்ளுக்கடை வாசல்களில் மறியல் செய்தது, லயங்களில் குடியைத் தடுத்தது. கள் உடம்பைத் தின்கிறது, சம்பளத்தைத் தின்கிறது என்று வெளியிலிருந்து வந்த எவரும் சொல்லவில்லை. பக்கத்துக் காம்பராவில் இருந்தவன் சொன்னான். அதில் முரட்டுத்தனமும் இருந்தது. 1947இல் அது போலீஸ் துப்பாக்கிக்கு முன் போய் நின்றது. ஆனாலும் தன் சனத்தின் உடம்பைத் தானே கவனிக்கும் பொறுப்பை ஒரு தோட்டத்து லோரி ஓட்டுநர் கையில் எடுத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தெம்பு வருகிறது. பிறகு வந்த காலத்தில் தோட்டத்து டிரெசர் இருந்தார். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965இல் தனிச் சட்டமே வந்தது. டிரெசருக்கு யார் வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்று தெரியும், இந்த வாரம் யார் பிரட்டுக்கு வரவில்லை என்று தெரியும். பெரிய படிப்பு இல்லை. கைவசம் இருந்த மருந்தும் அதிகமில்லை. ஆனால் கண்டுபிடித்தவரே மறுநாளும் அங்கே இருந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, சனங்கள் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் அலோர் ஸ்டாருக்கும் மலிவு வீடுகளுக்கும் சிதறிய பிறகு அந்த மறுநாள் போய்விட்டது.

மறுநாள் என்பதைத்தான் நோய் தேடும் இந்தத் துறையின் மூல நூலே வலியுறுத்துகிறது. பிரிட்டிஷ் சுகாதார அமைச்சைச் சேர்ந்த வில்சனும் சுவீடனின் யுங்னரும் 1968இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக எழுதித் தந்த பத்து விதிகளைத்தான் இன்றுவரை உலகம் புரட்டுகிறது. நோய் முக்கியமானதாக இருக்க வேண்டும், அதற்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சை இருக்க வேண்டும், உறுதி செய்யவும் சிகிச்சை தரவும் வசதி கையில் இருக்க வேண்டும், யாரை நோயாளியாகக் கொள்வது என்பதில் முன்கூட்டியே ஒரு தெளிவு வேண்டும். கடைசி விதி, நோய் தேடுவது ஒருமுறை செய்து முடிக்கிற காரியமாக இருக்கக்கூடாது, தொடர்ந்து நடக்க வேண்டும் என்கிறது. ஆர்ச்சி காக்ரேன், வால்டர் ஹாலண்ட் என்ற மருத்துவ ஆய்வாளர்கள் 1971இல் இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். நோவோடு தேடி வந்தவருக்கு வைத்தியர் தன்னால் ஆனதைச் செய்தால் போதும், மருத்துவத்தின் குறைகளுக்கு அவர் பொறுப்பல்ல. தானாகப் போய் அழைத்துச் சோதிக்கிறவரின் நிலை முற்றிலும் வேறு, இதனால் நன்மை உண்டு என்ற உறுதியான ஆதாரம் அவர் கையில் இருந்தாக வேண்டும் என்றார்கள். இதை நான் கோயில் மண்டபத்துக்கு இறக்கிப் பார்க்கிறேன். என் அத்தை எங்களைக் கேட்கவில்லை. நாங்கள்தான் கையைப் பிடித்து இழுத்தோம். இழுத்த கை அதற்கப்புறம் என்ன செய்தது?

ஒரு துண்டுத் தாளைக் கொடுத்தது. கிளினிக்குக்குப் போகவும் என்று எழுதியிருந்தது. பெண்டாங்கில் தமிழர் கொஞ்சம்தான். முடா நீர்ப்பாசனத்தில் விளையும் நெல்வயல் ஊர் இது, கிழக்கே போகப் போகத்தான் கித்தா மரங்கள். வயல்களுக்கு நடுவில் ஓடும் நேரான சாலைகளில் மோட்டார் ஓட்டத் தெரிந்தவருக்கு எதுவும் தூரமில்லை. ஓட்டத் தெரியாத விதவைக்கு எல்லாமே தூரம். முகாம் நடப்பது விடுமுறை நாளில். கிளினிக் திறப்பது மகன் வேலைக்குப் போகும் நாளில். காலையில் எண் எடுத்து, இரத்தம் கொடுத்து, இன்னொரு நாள் வந்து முடிவு கேட்டு, மருந்து எடுத்து, கண் பார்க்க வேறு தேதி வாங்க வேண்டும். பெரிய சோதனை என்றால் அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு தேதிக்கும் யாராவது ஒருவர் அரைநாள் சம்பளத்தை விட வேண்டும். வசதி இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு வெள்ளி கட்டணத்தில் இந்த நாட்டின் அரசாங்கக் கிளினிக் தருகிற நீரிழிவு மருத்துவத்தைப் பல நாடுகள் கனவில்தான் காணும். குறைவான வருமானக் குடும்பங்களுக்காக 2019இல் வந்த பெக்கா பி40 திட்டத்தில் நாற்பது வயதானவர்களுக்கு இலவசப் பரிசோதனையோடு, புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவருக்கு ஆயிரம் வெள்ளி ஊக்கத்தொகையும் போக்குவரத்துக்குத் தனித்தொகையும் வைத்திருக்கிறார்கள். அதை முதலில் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. சிகிச்சையை முடிக்க ஒருவருக்குக் காசு கொடுக்க வேண்டுமா? வேண்டும். கண்டுபிடிப்பதற்கும் குணமாவதற்கும் நடுவே எத்தனை பேர் வழியில் இறங்கிவிடுகிறார்கள் என்று அதை வரைந்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

வழியில் யாரும் இறங்காதபடி பார்த்துக்கொண்ட ஒரு வேலையைத் தமிழ்நாட்டில் செய்து காட்டியிருக்கிறார்கள். திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு 2000இல் தொடங்கிய அந்த ஆய்வைப் பற்றி நம் ஊடகங்கள் போதிய அளவு பேசியதே இல்லை. முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவுவார்கள், சமையல் வினிகரில் இருக்கும் அதே அமிலம். மாறுதல் கண்ட இடம் வெளுத்துக் காட்டும். பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற நர்சுகள். முக்கியம் இதுதான்: வெளுத்த இடத்தை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையையும் பொருத்தமானவர்களுக்கு அன்றைக்கே, அந்த நர்சுகளே செய்தார்கள். துண்டுத் தாள் கொடுத்து அனுப்பவில்லை. 2007இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. அழைக்கப்பட்ட நாற்பத்தொன்பதாயிரம் பெண்களில் 63.6 விழுக்காட்டினர்தான் வந்தார்கள். அப்படியும் அந்தப் பகுதியில் கருப்பைவாய்ப் புற்று கால் பங்கும் அதனால் வந்த சாவு 35 விழுக்காடும் குறைந்தன. இதில் என்னை வருத்துவதும் ஒன்று உண்டு. ஒப்பிடுவதற்காகச் சோதனை செய்யாமல் விடப்பட்ட ஊர்களும் இருந்தன. அங்கே இருந்த பெண்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டுமே, அதாவது பெரும்பாலும் ஒன்றுமேயில்லை. அவர்கள் இல்லாமல் நமக்கு இந்த உறுதி கிடைத்திருக்காது. இந்த உறுதியை அவர்கள் எந்த விலைக்குத் தந்தார்கள் என்பதை அறிக்கையின் எண்களில் நான் படித்துக்கொண்டே இருக்கிறேன். சமாதானம் ஆக முடியவில்லை.

எதிர்த்திசையிலும் எனக்குப் பயம் உண்டு. கொரியாவில் 1999இல் அரசு சில புற்றுநோய்களுக்குப் பரிசோதனை தொடங்கியது. மருத்துவமனைகள் அதோடு சேர்த்துத் தைராய்டுக்கும் கொஞ்சம் காசில் ஸ்கேன் எடுக்க ஆரம்பித்தன. 2011இல் தைராய்டுப் புற்று 1993இல் இருந்ததைப்போலப் பதினைந்து மடங்கு. அந்த ஒரே ஆண்டில் நாற்பதாயிரத்துக்கும் மேல். சாவு எண்ணிக்கை மட்டும் அசையவே இல்லை. வாழ்நாள் முழுக்க ஒரு தொல்லையும் தராமல் கிடந்திருக்கும் சிறு கட்டிகளுக்காகக் கழுத்தை அறுத்துக்கொண்டு, தினமும் மாத்திரை விழுங்கிக்கொண்டு வாழ்கிறார்கள். ஜப்பான் ஆறுமாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து நரம்புக்கட்டி தேடும் தேசியத் திட்டத்தை எண்பதுகளில் தொடங்கி, பலன் காணாமல் இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் நிறுத்திவிட்டது. அரிதான நோயை எல்லோரிடமும் தேடினால் கணக்கே எதிராகத் திரும்பும். ஆயிரம் பேரில் ஐந்து பேருக்கு மட்டும் உள்ள ஒரு நோயை எடுத்துக்கொள்வோம். சோதனை நோயுள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேரைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் பத்துக்கு ஒருவரைத் தவறாகக் காட்டும் என்று வைத்துக்கொண்டால், நோய் இருக்கலாம் என்று மறுஅழைப்புக் கடிதம் போகிற நூற்றுச் சொச்சம் பேரில் நோயுள்ளவர் நான்கோ ஐந்தோ. மற்ற நூறு பேரும் காரணமில்லாமல் சில வாரம் தூங்காமல் கிடப்பார்கள். ஆனாலும் ஊருக்கு ஊர், ஒரு துளி இரத்தத்தில் எல்லாப் புற்றும் தெரிந்துவிடும் என்று பொதி கட்டி விற்கிறார்கள். தீபாவளிக்கு அம்மா அப்பாவுக்குப் பரிசாக வாங்கித் தருகிற பிள்ளைகளையும் பார்க்கிறேன். அன்பினால்தான் செய்கிறார்கள், அதனால்தான் தடுக்க வாய் வரவில்லை.

ஒன்றுமில்லை என்று வரும் தாளும் ஆபத்தில்லாதது அல்ல. 2020 ஜூலையில் சிவகங்கையிலிருந்து கெடாவின் நாப்போவுக்குத் திரும்பிய ஒருவருக்கு வந்திறங்கியபோது செய்த கோவிட் சோதனையில் தொற்று இல்லை. பிறகு செய்ததில் இருந்தது. அந்தத் தொடரில் நாற்பத்தைந்து பேர். அந்த வாரங்களில் கெடாவில் எந்தத் தமிழர் கடைக்குள் நுழைந்தாலும் பார்வை வேறாக இருந்தது. ஒரு மாவட்டத்தின் பெயரையே தொற்றுக் கூட்டத்துக்கு வைத்துவிட்டார்கள். இன்றைய சோதனை இன்றைய நாளைப் பற்றி மட்டும்தான் பேசும் என்பதை நோய் இல்லாதவர்களுக்கு விளக்குவதுதான் நோய் உள்ளவர்களுக்கு விளக்குவதைவிடக் கடினம்.

டென்மார்க்கில் கோபன்ஹேகனைச் சுற்றி ஏறக்குறைய அறுபதாயிரம் பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு பத்தாண்டு கழித்து 2014இல் சொன்னது: பொதுவான உடல்நலப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் அழைத்ததால் மாரடைப்போ சாவோ குறையவில்லை. இதை ஒரு நண்பர் எனக்கு அனுப்பி, முகாமையெல்லாம் மூட்டை கட்டுங்கள் என்றார். நான் ஒப்பவில்லை. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப மருத்துவர் இருக்கிறார். சளிக்குப் போனாலே அவர் அழுத்தத்தையும் பார்த்துவிடுவார். முகாம் கண்டுபிடிக்க அங்கே மிச்சம் அதிகமில்லை. இங்கே, அந்த 2019 ஆய்வின்படி, நீரிழிவுக்காரர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தெரியாது. கால் விரல் கறுத்த பிறகு, கண் மங்கிய பிறகு, டயாலிசிஸ் நாற்காலி காத்திருக்கும்போதுதான் முதல்முறை தெரிந்தவர்களை எனக்குத் தெரியும். ஆகவே பெண்டாங்கில் சீனியையும் கொதிப்பையும் தேடுவது வேண்டும் என்பதுதான் என் கட்சி.

பெரியப்பா முறை ஒருவர் எந்த முகாமிலும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவார். தோட்டத்தை விட்டபின் ஜாகா வேலை பார்க்கிறார். “தெரிஞ்சா என்ன செய்யப் போறீங்க தம்பி?” என்று கேட்டார் என்னை. நான் மருந்து, உணவு என்று ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார். “மருந்து நான் திங்கிறேன். கம்பெனிக்குத் தெரிஞ்சா நைட் ஷிப்ட் எடுப்பானா?” முகாம் எழுதும் பெயர்ப் பட்டியல் எங்கே போகிறது என்று அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ 2013இலிருந்து நாற்பது வயதான தொழிலாளர்களுக்கு இலவசப் பரிசோதனைச் சீட்டு தருகிறது. பெரியப்பா வயதில் பலர் அதைப் பயன்படுத்தவே இல்லை. பயம் கற்பனை என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை, ஏனென்றால் அவர் காவல் நிற்கும் அதே செம்பனைத் தோட்டத்தில், முன்பு நம்மவர் இருந்த வீடுகளில் இன்று வங்காளதேசத்துப் பையன்கள் இருக்கிறார்கள். நாட்டுக்குள் வந்த ஒரு மாதத்துக்குள், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான ஃபோமெமா சோதனை. காசநோய், எச்ஐவி, ஹெப்படைட்டிஸ் பி என்று பட்டியல் போகும். பெண் தொழிலாளியானால் கர்ப்பமும் அதில் உண்டு. தேறாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். எனக்குக் காசநோய் கண்டால் மாதக்கணக்கில் இலவச மருந்து, கூடவே மிஸ்ஸி நின்று விழுங்க வைப்பார். அந்தப் பையனுக்கு விமானச் சீட்டு. ஜெரெஜாக்கில் நம் பாட்டன்மாரிடம் கேட்ட அதே ஒற்றைக் கேள்வியை இன்று அவனிடம் கேட்கிறார்கள், பக்கத்து வீட்டிலிருந்து நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவன் எங்கள் முகாமுக்கு வந்தால் பதிவேட்டில் பெயர் எழுதுவதா வேண்டாமா என்று கமிட்டியில் இன்னும் முடிவாகவில்லை. எழுதாமலே அழுத்தம் பார்த்துச் சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம். எழுதாவிட்டால் மறுபடி எப்படித் தேடிப் போவீர்கள் என்று ஒருவர் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

போன கூட்டத்தில் நான் ஒன்றை முன்வைத்தேன். அடுத்த முகாமில் விரலைக் குத்துவதற்கு முன்னால், வாரநாளில் ஒருவரைக் கிளினிக்குக்கும் அலோர் ஸ்டாருக்கும் காடியில் கூட்டிப்போகத் தயாராக இருப்பவர்களின் பட்டியலை எழுதுவோம். எத்தனை பேருக்கு வழி இருக்கிறதோ அத்தனை பேருக்குத்தான் அன்று நாற்காலி போடுவோம். மாதம் ஒருமுறை அதே ஆட்கள் அதே வீடுகளுக்குப் போவோம். பெயர்த் தாளைச் சோதிக்கப்பட்டவரிடமே கொடுத்துவிட்டு எண்களை மட்டும் வைத்துக்கொள்வோம். சிலர் உடனே கை தூக்கினார்கள். பட்டியலில் நான்கு பேர் சேர்ந்தார்கள். கூட்டத்தில் மூத்தவரான ஓர் அம்மா ஒப்பவில்லை; அவர் கணவர் முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர். நாலு காடிக்கு நாலு பேர் என்று நிறுத்திக்கொண்டால் ஐந்தாவதாக வந்திருக்கிற ஆளுக்கு யார் சொல்வது என்று கேட்டார். அவர் கணவருக்கு யாரும் சொல்லவில்லை. துண்டுத் தாளாவது கிடைத்திருந்தால் தானே அவரை பஸ்ஸில் கூட்டிப்போயிருப்பேன் என்றார். தீர்மானத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தோம். அதற்குள் இன்னும் சில காடிகள் சேருமா என்று தாமானுக்குத் தாமான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.